மூக்கில் வால் முளைத்த படகு

1

என் தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று எவருக்கும் தெரியாத ஒரு திங்கட்கிழமை, அவனுக்காக எனக்கு அனுதாபப் பூ வந்தது.

வெள்ளை ரோசாக்கள். அலுவலகத்தில் என் மேசை மீது, எல்லோரும் கையெழுத்து வைத்த சின்ன அட்டையோடு இருந்தன. பக்கத்து மேசைக்காரி எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அட்டையை வாசித்த பிறகுதான் விளங்கியது.

பிழை என்னுடையதுதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது மேலதிகாரி ஷெல்லிடம், தம்பியைக் காணவில்லை, மனம் சரியில்லை என்று சொல்லப் போனேன். (ஷெல் என்றதும் குண்டு விழப்போகிறதென்று ஊரில் உள்ளவர்கள் பதுங்கிக்கொள்ள வேண்டாம். மனிதரின் பெயரே அதுதான்.) அவசரத்தில் நான் எடுத்துப் போட்ட நோர்வேஜியச் சொல், செத்தவர்களுக்கும் இங்கே பாவிக்கிற சொல். நம்மிடம் "போயிட்டார்" என்றால் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அந்த மாதிரி. இந்த நாட்டில் பிள்ளை பெற்று, வரி கட்டி, வாகனம் ஓட்டும் பரீட்சையும் பாஸாகிவிட்டேன். ஆனாலும் பதற்றம் வந்தால் என் நோர்வேஜியம் கால் தடுக்கி விழுகிறது.

பூவை எங்கே வைப்பது? வீட்டுக்குக் கொண்டுபோனால் மவுத்து வீட்டுச் சாமான். குப்பையில் போட்டால் தந்தவர்களுக்கு முகத்திலறைந்த மாதிரி. கடைசியில் கழிவறை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். சகுனம் பார்ப்பது எங்கள் மார்க்கத்தில் இல்லை. நானும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

2

தம்பியின் பெயர் அஸ்வர். நாங்கள் பிறந்தது கல்முனைக்குடியில். கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு பாலமுனைக்குப் போனான், அங்கிருந்து ஆழ்கடலுக்குப் போகிறான். சுனாமி வந்த அந்த டிசம்பர் காலையில் எங்கள் வாப்பாவை எடுத்த அதே கடல். முதல்முறை அவன் போட்டில் ஏறியபோது போனில் நான் கத்திய கத்து இந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"வாப்பாவ எடுத்த கடல்ல ஒனக்கென்னடா வேல?"

"கடல் வாப்பாவ மட்டுமா எடுத்த ராத்தா? கடக்கரத் தெருவயும்தான் எடுத்த. அதுக்காக நாம தெருவில நடக்காமயா இரிக்கம்?"

அவனோடு கதைத்து வென்றவர்கள் கிடையாது. உம்மாவும் மவுத்தான பிறகு எனக்கு ஊர் என்றால் அவன் ஒருவன்தான். பெருநாளைக்கு முதல் வரும் குரல் அவனுடையது. எங்கள் பழைய வீட்டு மாமரம் காய்த்ததா என்று சொல்கிறவனும் அவன்தான்.

இந்த முறை அவனோடு போனது இரண்டு பேர். காரைதீவு யோகன், அவன் பள்ளிக்காலக் கூட்டாளி. மற்றவர் பாலமுனை ஆதம்பாவா காக்கா, எங்களுக்கு அண்ணன் மாதிரி. வியாழன் கரைக்கு வந்திருக்க வேண்டும். புதன் பின்னேரம் வேறொரு படகின் வயர்லஸில் அவன் குரல் கேட்டிருக்கிறது: "இஞ்சின் வேல செய்யுதில்ல." அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கச்சான் காற்றுக் காலம். தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று அது. இயந்திரம் நின்ற படகை அது கரைக்குக் கொண்டுவராது. வெளியே, இன்னும் வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

அவன் மனைவி ஸபானாதான் எனக்குச் சொன்னாள். "மச்சி, பயப்பிடாதீங்க" என்று தொடங்கினாள். அந்த இரண்டு சொல்லிலேயே என் உயிர் பாதி போய்விட்டது.

3

என் வேலையைப் பற்றி ஊரில் அஸ்வர் பரப்பி வைத்திருக்கும் விளக்கம் இது: "நாங்க கடலுக்குப் போறம், ராத்தா கடலப் பாக்கிறா. சம்பளம் ராத்தாக்கு."

பொய்யென்று சொல்ல முடியாது. வானத்திலிருந்து செய்மதி எடுத்த கடற்படங்களில் என்ன கிடக்கிறது என்று கணினிக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எண்ணெய் கசிவா, பனிக்கட்டியா, படகா? அதாவது உருவங்களை விவரிக்கிற வேலை. அதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்காது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்முனைக்குடிக் கடற்கரையில் நின்று பாருங்கள். தூரத்தில் மணலில் கறுப்பாக ஏதோ அசைகிறது. ஆளா, மாடா? கொஞ்சம் கிட்ட வந்தால் ஆள். இன்னும் கிட்ட வந்தால் சாரம் உடுத்த ஆம்பிளை. இன்னும் கிட்ட, ஒரு தோள் சரிந்த நடை. "அட, நம்மட ஆதம்பாவா காக்கா" என்கிறீர்கள். முகம் இன்னும் தெரியவில்லை, தெரியவும் தேவையில்லை. பெரிதிலிருந்து சிறிதுக்கு, படிப்படியாக உங்கள் கண் இறங்கி வந்துவிட்டது.

கணினிக்கு இது தெரியாது. எல்லாப் புள்ளியையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு ஒன்றுமே விளங்காமல் இருக்கும். அதனால் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்குகிறோம். அந்த மங்கலில் ஒரு படகு வெறும் நெல்மணி. அதன் வெளிக்கோட்டை எடுத்து, "நீளமானது, தனியானது" என்று எழுதி வைக்கிறோம். மங்கலைக் கொஞ்சம் குறைத்தால் ஒரு முனை கூராகவும் மறுமுனை தட்டையாகவும் தெரியும். அதையும் எழுதுகிறோம். இன்னும் குறைத்தால் நடுவில் ஒரு மேடு, ஓரத்தில் ஒரு நெளிவு. இப்படி ஒரே பொருளுக்குப் பல படிகளில் விவரணை.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுப்பது. முதல் பாடம் எப்போதும் இதுதான்: எல்லாப் படியிலும் நிலைத்து நிற்பதை நம்பு. கடைசிப் படியில் மட்டும் திடீரென்று தலைகாட்டுவதை நம்பாதே. அது நுரையாக இருக்கலாம், படத்தின் அழுக்காக இருக்கலாம், உன் ஆசையாகவும் இருக்கலாம்.

அந்தப் "பூ" திங்கட்கிழமை, ஷெல்லின் அறைக்குப் போய், தம்பி சாகவில்லை, கடலில் காணாமல் போயிருக்கிறான் என்று இந்த முறை சரியான சொல்லால் சொன்னேன். மனிதர் மீன்பிடித் தீவொன்றில் பிறந்தவர். முகம் சிவந்துவிட்டது. "அப்படியென்றால் நாம் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்?" என்று கேட்டார். தனிப்பட்ட காரணத்துக்குப் படம் எடுப்பித்துத் தர முடியாது என்று இன்னொரு மாடியிலிருந்து பதில் வந்தது. ஷெல் அந்த மாடிக்கு ஏறிப் போனார். என்ன கதைத்தாரோ, மத்தியானமே வங்காள விரிகுடாவின் முதல் படம் என் திரைக்கு வந்தது.

4

முந்திய நாள் எடுத்த படம். எவ்வளவு பெரிய தண்ணீர்! யா அல்லாஹ், கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. பெருக்கிப் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு அலைநுரையும் ஒரு படகாகிறது. அதில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் அது அஸ்வரின் தலை. கைநீட்டிக் கூப்பிடுகிறான். அடுத்த நுரையிலும் கூப்பிடுகிறான்.

வீட்டுக்கு வந்து நான் புலம்புவதைக் கேட்டு என் கணவர் நவ்ஷாத் சொன்னார்: "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டு சும்மாவா சொன்னாங்க?"

"எனக்கு வெளுத்ததெல்லாம் போட்டு, மச்சான்" என்றேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அதையும் ஆறவிட்டேன்.

இதற்கிடையில் போன் வேறு. கொழும்பில் ஒரு அலுவலகத்தில் படகின் பதிவு இலக்கம் கேட்டார்கள். கொடுத்தோம். படகின் நிறம் கேட்டார்கள். நீலமும் வெள்ளையும் என்றோம். எந்த நீலம் என்றார்கள். கடல் நீலம் என்று ஸபானா சொல்லியிருக்கிறாள், பாவம், அந்த நேரத்தில் அவளுக்கு வேறெந்த நீலம் நினைவு வரும்! நோர்வேயின் மீட்பு நிலையத்துக்கு நான் எடுத்தேன். மிக மரியாதையாக, அந்தப் பிராந்தியத்துக்குரிய நிலையத்தைத் தொடர்புகொள்ளுங்கள் என்றார்கள். அந்தப் பிராந்தியத்துக்குரியவர்கள், உள்ளூர் அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். உள்ளூர் அலுவலகத்தில் மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு வாருங்கள் என்றார்கள்.

கண்ணை நம்பிப் பயனில்லை என்று, அலுவலகத்தை விட்டுக் கிளம்ப முதலே கணினியிடம் விட்டிருந்தேன். ஒரு விதியையும் எழுதினேன். ஓடுகிற படகுக்குப் பின்னால் கலங்கிய தண்ணீர் வெள்ளைக் கோடாக நீளும். படத்தில் அது வால். தம்பியின் இயந்திரம் நின்றுவிட்டது, அவன் படகுக்கு வால் இருக்க முடியாது. ஆகவே வாலுள்ள எல்லாவற்றையும் ஒதுக்கு, வாலில்லாத நெல்மணியை மட்டும் எனக்குக் காட்டு. கணினி சொன்னபடி செய்தது. காட்டியவை முழுவதும் நுரை, மிதந்து போன மரங்கள், ஒரு மிதவை.

5

அன்று இரவு அடுக்களையில் உட்கார்ந்து அவனுடைய பழைய குரல் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்காதே, இன்னும் மோசமாகும் என்றார் நவ்ஷாத். கேட்காமல் இருக்க முடிந்தால் நான் ஏன் கேட்கிறேன்?

மகள் மர்யம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பதின்மூன்று வயது. அவளுக்கு மாமா என்றால் போன் திரையில் அடிக்கடி உறைந்து நிற்கும் ஒரு முகம்தான். அவளுடைய தமிழ் இங்குள்ள யாழ்ப்பாணப் பிள்ளைகளோடு பழகி வந்த தமிழ், அதிலும் பாதியில் நோர்வேஜியம் புகுந்துவிடும். அஸ்வர் வேகமாகக் கதைத்தால் அவளுக்கு ஒன்றும் பிடிபடாது. இதை நினைத்து எத்தனையோ முறை அவளை ஏசியிருக்கிறேன், என்னையும்தான்.

போன வருடம் கடலில் இருந்து பதிந்து அனுப்பிய ஒன்று ஓடியது. காற்றுச் சத்தம், பிறகு அவன் சிரிப்பு.

"ராத்தா, இஞ்சின் படுத்திட்டு. வலைய மூக்கில கட்டி உட்டிரிக்கம். இப்ப போட்டு காத்துக்கு மூஞ்சக் காட்டிக்கிட்டு, கட்டிப்போட்ட மாடு மாதிரி நிக்கிது. யோகன் சமைக்கான், உப்பு கூட. ஒங்கட கடல் பாக்கிற கண்ணாடில நாங்க தெரியிறமா?"

"மாமா என்ன சொல்றார்?" என்றாள் மர்யம்.

"இஞ்சின் நிண்டுட்டாம். வலைய மூக்கில கட்டியிரிக்காங்களாம்."

"யாருடைய மூக்கு?"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். போட்டின் கூரான முன்பக்கம்தான் மூக்கு என்றேன். ஏன் கட்ட வேணும் என்றாள். அவளுக்கு விளங்கும் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னேன். வலையின் மேல்விளிம்பு வெள்ளை மிதவைகளோடு நீளமாக மிதக்கும், மற்றதெல்லாம் தண்ணீருக்குள் பாரமாகக் கிடக்கும். காற்று படகைத் தள்ளும், வலையைத் தள்ள முடியாது. அதனால் படகு வலையைப் பார்த்தபடி நேராக நிற்கும், குறுக்கே விழுந்து அலையில் உருளாது. நங்கூரம் எட்டாத ஆழத்தில் எங்கள் ஆட்களுக்கு வலைதான் நங்கூரம்.

அவள் எழுந்து போய், ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு படகு கீறினாள். ஒரு பக்கம் கூர், மறுபக்கம் தட்டை. கூர்ப்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.

"இப்படியா உம்மா? வால் முன்னுக்கா இருக்கும்?"

நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். கோட்டிலிருந்து தண்ணீர் வழியத் தொடங்கியது. வாலுள்ள எல்லாவற்றையும் ஒதுக்கு என்று கணினிக்குச் சொன்னவள் நான். தம்பியை என் கையாலேயே ஒதுக்கி வைத்திருக்கிறேனா? பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவள் பயந்துபோனாள்.

6

செவ்வாய் காலை அலுவலகத்தில் முதல் ஆள் நான். விதியை அழித்தேன். ஒதுக்கியவை எல்லாம் திரைக்குத் திரும்பி வந்தன, வாலோடு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தட்டையான பின்பக்கத்தில் வால், ஓடுகிற படகு. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

பிறகு ஒன்று வந்தது. மற்றவற்றிலிருந்து விலகி, தென்கிழக்கே வெகு தூரத்தில். மங்கலான படியில் மயிர் ஒட்டிய நெல்மணி. அடுத்த படியிலும் அதேதான், முனைகள் தெளியவில்லை, கோடு மட்டும் விடாமல் நின்றது. கடைசிப் படியில் கூரான முனை தெரிந்தது. வால் அந்தக் கூரிலிருந்துதான் புறப்பட்டது.

கத்தினேன் போலிருக்கிறது. ஷெல் ஓடி வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எந்த முனை கூர் என்பது கடைசிப் படியில் மட்டும்தான் தெரிகிறது" என்றார் மெல்ல.

"தெரியும்."

"கடைசிப் படியை நம்பாதே என்று நீதானே எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறாய். எவ்வளவு நிச்சயம்?"

"நிச்சயமில்லை."

"வேறு ஏதாவது கிடைத்ததா?"

"இல்லை" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார், நான் போன் எடுக்கட்டும் என்று.

ஊரில் தேடுதலை நடத்திக்கொண்டிருந்தவர் மீனவர் சங்கத் தலைவர் ஹனிபா காக்கா. இடத்தையும், அதற்குப் பிறகு காற்று தள்ளியிருக்கக்கூடிய தூரத்தையும் சொன்னேன். மறுமுனையில் கடதாசி சரசரத்தது.

"தங்கச்சி, நாங்க நாளைக்கு விடிய வடகிழக்கால போகத்தான் இரிந்த. நீங்க சொல்றது மத்தப் பக்கம், நல்லாத் தூரம். நாலு போட்டுதான் இரிக்கி. ரெண்டு பக்கமும் போக ஏலா. நீங்க சொல்ற பக்கம் போனா, அங்கால உள்ளத்த உட்ட மாதிரித்தான். வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சி காக்கா."

"நிச்சயமா அது நம்மட போட்டுத்தானா?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஷெல் நிற்பது தெரிந்தது. நிச்சயமில்லை என்றால் அவர்கள் வடகிழக்கே போவார்கள். நிச்சயம் என்று சொல்லி அது பொய்த்தால், வடகிழக்கே கிடக்கிற என் தம்பியை நானே கொன்றவள்.

"ஓம் காக்கா" என்றேன். "நிச்சயம்."

7

அதற்குப் பிறகு வந்தது முன்பிருந்த பயம் இல்லை. முன்பு கடலுக்குப் பயந்தேன். இப்போது என் வாய்க்குப் பயந்தேன். புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. சோறு இறங்கவில்லை. விடிகாலை ஸுபஹுத் தொழுத இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மர்யம் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று என் முக்காட்டு நுனியைப் பிடித்தபடி பக்கத்திலேயே கிடந்தாள்.

போன் அடித்தபோது எடுக்கப் பயந்து நவ்ஷாத்திடம் நீட்டினேன். அவர் எடுக்க முதலே ஸபானாவின் சத்தம் வெளியே கேட்டது.

"மச்சி! கிடைச்சிட்டாங்க மச்சி! மூணு பேரும் உசிரோட இரிக்காங்க! அல்ஹம்துலில்லாஹ், மச்சி, கேக்குதா?"

மீனுக்குக் கொண்டுபோன ஐஸ் உருகிய தண்ணீரைக் குடித்து, பச்சை மீனைத் தின்று, மூன்று பேரும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். பாலமுனைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். காரைதீவில் யோகனின் மனைவி கோயில் வாசலில் தேங்காய் உடைத்தாளாம். நோர்வேயில் இருந்து ஒரு பொம்புள கம்பியூட்டரால கண்டுபிடிச்சிட்டா என்று போனுக்குப் போன் செய்தி பறந்தது. என்னோடு கதைக்காத சொந்தமெல்லாம் கதைத்தது. ஒரு மாமி தன்னுடைய காணாமல் போன மாட்டையும் பார்த்துச் சொல்ல ஏலுமா என்று கேட்டார். சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். மர்யம் போனிலேயே வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டாள்.

வியாழன் காலை அஸ்வரே எனக்குப் போன் எடுத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தான், உதடு வெடித்து, குரல் அடித்தொண்டையில்.

"ராத்தா, ஒங்கட கண்ணாடில கடசீல தெரிஞ்சிட்டம் போல."

"தெரிஞ்சிச்சிடா. வலைய மூக்கில கட்டி உட்டிரிந்தீங்கதானே, அதான் காட்டிக் குடுத்த. மர்யம்தான்..."

"வலையா?" என்றான். "வல எங்க ராத்தா? இஞ்சின் நிண்ட அண்டைக்கே பெரிய கப்பலொண்டு வலைக்கு மேலால ஏறிப் போயிட்டு. மிச்சத்த அறுத்து உட்டுட்டம். வல இல்லாமத்தான் குறுக்க விழுந்து உருண்டுக்கிட்டுக் கிடந்த."

"அப்ப எங்க கண்டாங்க ஒங்கள?"

"வழியில ராத்தா. நீங்க சொன்ன இடத்துக்கு வந்துக்கிட்டு இரிக்கக்குள்ள அரைவாசி வழியிலதான் எங்களக் கண்ட. கண்டதும் திரும்பிட்டாங்க. நீங்க சொன்ன இடம் இன்னும் எவ்வளவோ அங்கால."

அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நான் பார்த்தது என் தம்பியை அல்ல.

8

அலுவலகத்துக்கு ஓடினேன். புதன்கிழமைப் படத்தை எடுத்தேன். காற்று தள்ளியிருக்கக்கூடிய பக்கமாகத் தேடினேன், இருந்தது. மயிர் ஒட்டிய அதே நெல்மணி. இரண்டாவது படியிலும் அதேதான். கடைசிப் படியில் அதே கூர், கூரிலிருந்து அதே வால். இரண்டு வெவ்வேறு நாளில், இரண்டு வெவ்வேறு படத்தில் அழுக்கு ஒரே உருவத்தில் ஒட்டாது, நுரை இத்தனை தூரம் கூடவே நகராது. செவ்வாய்க்கிழமை ஷெல் கேட்ட நிச்சயம் இப்போது என்னிடம் இருந்தது. அது ஒரு படகு. யாரோ வலையை மூக்கில் கட்டிவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

யார்?

அலுவலகங்களுக்கு மறுபடி எடுத்தேன். "உங்கள் படகு கிடைத்துவிட்டதே" என்றார்கள். இது வேறு படகு என்றேன். வேறு படகு காணவில்லையென்று யாரும் முறைப்பாடு தரவில்லை, முறைப்பாடு இல்லாமல் எதைத் தேடுவது என்றார்கள். ஹனிபா காக்கா கரை முழுவதும் விசாரித்தார். "நம்மட கரையில எல்லாப் போட்டும் வந்திட்டு தங்கச்சி. திருக்கோவில்லயும் கேட்டாச்சி. இது எந்த ஊர்க்காரனோ." ஷெல் பன்னாட்டு நிலையங்களுக்கு எழுதினார். பதிவு செய்துகொண்டோம் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அஸ்வர் மறுபடி போன் எடுத்தான்.

"ஹனிபா காக்கா சொன்னாரு. அந்த இடத்த எனக்கு அனுப்புங்க ராத்தா."

"எதுக்கு?"

"எதுக்கெண்டு ஒங்களுக்குத் தெரியும்."

"ஒனக்கு விசரா? ஆஸ்பத்திரியால வந்து ஒரு நாள் ஆகல்ல. உதடு இன்னும் ஆறல்ல. அறிஞ்சவங்க போகட்டும், கடற்படை போகட்டும், நீ அடங்கிக் கிட."

அவன் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"கப்பலொண்டு எங்களுக்குக் கிட்டத்தால போனிச்சி ராத்தா. ஆள் நடமாடுறதும் தெரிஞ்சிச்சி. சாரத்தக் கழட்டி ஆட்டினம், கத்தினம். அது போயிட்டு. யோகன் புள்ள மாதிரி அழுதான். அவங்க எங்களக் காணல்ல, அதால மன்னிச்சிட்டன். ஆனா நீங்க கண்டுட்டீங்க. கண்டுட்டு எப்பிடி ராத்தா இரிக்கிற?"

என்னால் முடிந்த கடைசித் தந்திரம் ஒன்று இருந்தது. "பொறகு நல்லாப் பாத்தன், அது நுரை" என்று போனில் எழுதினேன். ஒரு பொய்யான நிச்சயத்தால் அவனை மீட்டவள், இன்னொரு பொய்யால் அவனை வீட்டில் வைத்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. விரல் அனுப்பும் இடத்திலேயே நின்றது. மர்யம் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தமிழ் அவ்வளவு வாசிக்க வராத பிள்ளை, எழுத்தெழுத்தாகக் கூட்டி "நு... ரை" என்றாள். "நுரை எண்டால் என்ன உம்மா?"

அழித்தேன். இடத்தை அனுப்பினேன்.

சனிக்கிழமை விடிய இரண்டு போட்டுகள் போயின. முதலாவதில் அஸ்வர். யோகனும் வந்து ஏறினானாம். ஸபானா எனக்கு ஒரேயொரு குரல் செய்தி அனுப்பினாள்: "நீங்கதான் திருப்பித் தந்தீங்க மச்சி. இப்ப நீங்களே எடுத்துட்டீங்க." அதற்குப் பிறகு என் அழைப்பை அவள் எடுப்பதில்லை. அவளைக் குறை சொல்ல என்னிடம் வாயில்லை.

இன்று திங்கட்கிழமை. போட்டுகள் இன்னும் திரும்பவில்லை, வயர்லஸ் எட்டும் தூரத்தையும் தாண்டிவிட்டன. இன்றைய படம் காலையில் வந்தது. கரையிலிருந்து அந்த இடம் வரையும், அதற்கு அப்பாலும் ஒரே மேகம். எந்தப் படியில் பார்த்தாலும் மேகம்தான். கழிவறைக்குப் போனேன். ஜன்னலில் அந்த வெள்ளைப் பூக்கள் இன்னும் வாடாமல் நிற்கின்றன. இந்த நாட்டுக் குளிரில் எதுவும் லேசில் வாடாது. இந்த முறை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

யாரும் முறைப்பாடு தரவில்லை என்கிறார்களே, அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் கரையோ, அடுத்த கரையோ, அக்கரையோ. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் யாராவது கடலுக்குப் போய் இன்னும் வராமல் இருந்தால், எங்காவது வேறு துறையில் ஏறியிருப்பான், வந்துவிடுவான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து வாய் திறந்து சொல்லுங்கள். அவன் வலையை மூக்கில் கட்டிவிட்டு அங்கே கிடக்கிறான். நான் பார்த்தேன். அவனை எடுக்க என் தம்பி போயிருக்கிறான்.